நைட்ரஜன் எல்லாம் புரதம் ஆகிவிடாது

இந்தக் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் மரியாதைக்குரிய ஐயா அவர்களே, மேடையை அலங்கரிக்கும் கால்நடை மருத்துவப் பேராசிரியர்களே, பால் உற்பத்தியாளர் சங்க நிர்வாகிகளே, எனக்கு முன்னால் சிறுநீரகத்தைப் பற்றி அத்தனை தெளிவாகப் பேசி அமர்ந்த மருத்துவர் அம்மா அவர்களே, சாயங்காலக் கறவையை வீட்டில் இருப்பவர்களிடம் ஒப்படைத்துவிட்டு வந்திருக்கும் மாடு வளர்ப்போரே, எல்லோருக்கும் என் வணக்கம். தலைவர் ஐயா தம் முன்னுரையில், தீவனச் செலவுதான் கறவைக்காரனின் முதுகை ஒடிக்கிறது என்றார்கள். என் பேச்சுக்கு அவர்களே பாதை போட்டுக் கொடுத்துவிட்டார்கள். அதற்கு என் தனிப்பட்ட நன்றி.

'புரதம் அல்லாத நைட்ரஜன், கால்நடைக்கும் மனிதருக்கும்' என்பது எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு. அதாவது, புரதத்தில் இல்லாமல் யூரியா போன்ற வேறு பொருள்களில் இருக்கும் நைட்ரஜன். மூன்று செய்திகள் சொல்ல வேண்டும். மாட்டு வயிற்றில் யூரியா என்ன ஆகிறது என்பது ஒன்று. பசுந்தீவனத்திலும் குடிநீரிலும் வரும் நைட்ரேட் இன்னொன்று. தீவன மூட்டையிலும் சத்துமாவு டப்பாவிலும் அச்சடிக்கிறார்களே, அந்தப் புரதக் கணக்கு மூன்றாவது. வெளுத்ததெல்லாம் பால் என்று நம்பிவிடாதே என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். அதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

யூரியாவை உரமாகத்தான் நமக்குத் தெரியும். அதை மாட்டுக்குக் கொடுக்கலாமா? கொடுக்கலாம், அளவோடு. அசைபோடும் பிராணிகளின் பெருவயிற்றில் கோடானுகோடி நுண்ணுயிர்கள் குடியிருக்கின்றன. யூரியா உள்ளே போனதும் அவை அதை அமோனியாவாக உடைக்கின்றன. அந்த அமோனியாவைக் கொண்டு தங்கள் உடம்புக்கு வேண்டிய புரதத்தைத் தாங்களே கட்டிக்கொள்கின்றன. அப்புறம் அந்த நுண்ணுயிர்களே அடுத்தடுத்த வயிறுகளுக்கு நகர்ந்து, செரிமானமாகி, மாட்டுக்குப் புரதமாகின்றன. ரத்தத்தில் மிஞ்சும் யூரியாவில் ஒரு பங்கை எச்சில் வழியாகவே மாடு பெருவயிற்றுக்குத் திருப்பி அனுப்புகிறது. காய்ந்த வைக்கோலைத் தின்றும் மாடு தாக்குப்பிடிக்கிறதே, அதற்கு இதுவும் ஒரு காரணம்.

பின்லாந்தில் விர்த்தானென் என்று ஒரு விஞ்ஞானி, 1945இல் வேதியியலுக்கு நோபல் பரிசு பெற்றவர். 1960களில் அவர் கறவை மாடுகளுக்குப் புரதமே இல்லாத தீவனம் கொடுத்தார். நைட்ரஜனுக்கு யூரியாவும் அமோனியம் உப்பும் மட்டும்தான். மாடுகள் பால் கறந்தன! நமக்கு இது ஆகாது. நம் வயிற்றில் அந்தப் பட்டறை கிடையாது. யூரியா நமக்குக் கழிவு. சிறுநீரகம் அதை வெளியே தள்ளத்தான் பாடுபடுகிறது. அம்மா அவர்கள் அதை விளக்கிவிட்டதால் நான் திரும்பச் சொல்லவில்லை.

அளவு தப்பினால் என்ன ஆகும் என்பதற்கு நான் அறிந்த ஒரு பெரியவர் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். மாடுகளைப் பிள்ளைகளைப் போலப் பார்ப்பவர். கோடையில் பசும்புல் இல்லை. யாரோ சொன்னார்கள் என்று யூரியாவும் சர்க்கரைப்பாகும் சேர்த்துச் செய்த நக்குக் கட்டி ஒன்றை வாங்கிக் கொட்டகைக்கு வெளியே வைத்திருந்தார். நல்ல யோசனைதான். மாடு கொஞ்சம் கொஞ்சமாக நக்கும். யூரியா மெதுவாக உள்ளே போகும். பாகின் இனிப்பு நுண்ணுயிர்களுக்கு வேலை செய்யத் தெம்பு கொடுக்கும். நக்கி நக்கிக் கட்டியின் நடுவில் குழி விழுந்திருந்தது. ஒரு ராத்திரி நல்ல மழை. குழி நிறையத் தண்ணீர். விடிந்ததும் மாடுகளை அவிழ்த்துவிட்டார். மூன்று மாடுகள் நேராகப் போய் அந்தத் தண்ணீரை உறிஞ்சின. இனிப்பாயிற்றே, விடுமா?

அரை மணி நேரம்கூட ஆகியிருக்காது. முதல் மாடு பல்லை நறநறவென்று கடித்தது. வாயில் நுரை தள்ளியது. காதும் தோலும் துடித்தன. இடது பக்க வயிறு பறை மாதிரி உப்பியது. பெரியவர் மருத்துவருக்குப் போன் போட்டார். "ஐயா, சீக்கிரம் வாங்க, மாடு தள்ளாடுது." மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, "என்ன தின்னுச்சு?" இரண்டாவது கேள்வி, "கட்டியில யூரியா எவ்வளவு?" பெரியவர் ஓடிப்போய் மேலுறையைத் தேடி எடுத்தார். முன்பக்கம் பார்த்தார், பின்பக்கம் பார்த்தார், பேரனை விட்டுப் படிக்கச் சொன்னார். கச்சாப் புரதம் இத்தனை சதவீதம் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. யூரியா எவ்வளவு என்று எங்கேயும் இல்லை.

மருத்துவர் வரும்போதே வினிகர் கேன்களோடு வந்தார். குழாய் வழியாகக் குளிர்ந்த தண்ணீரும் வினிகரும் ஒவ்வொரு மாட்டின் வயிற்றுக்குள்ளும் போயின. புளிப்பு ஏறினால் அமோனியா ரத்தத்தில் கலப்பது குறையும். குளிர்ந்த தண்ணீர் யூரியா உடைவதை மந்தப்படுத்தும். பின்னால் நின்ற இரண்டு மாடுகள் பிழைத்தன. முதலில் குடித்த மாடு போய்விட்டது. நிறைமாதச் சினை. பெரியவர் அந்த உறையை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "புரதம்னுதானே போட்டிருந்தான், நம்பித்தானே வாங்கினேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். வெளுத்ததெல்லாம் பால் என்று நம்ப வைத்தது யார்? கட்டியை மழையில் வைத்தது அவர் தவறு என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். 'மழையில் நனைய விடாதே, இதில் இவ்வளவு யூரியா' என்று எழுதியிருந்தால் அவர் உள்ளே எடுத்து வைத்திருப்பார்.

சரி, இந்தக் கச்சாப் புரதக் கணக்கு எங்கிருந்து வந்தது? டென்மார்க்கில் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் வேலை பார்த்த கெல்டால் 1883இல் ஒரு முறையைக் கொண்டுவந்தார். பொருளைக் கந்தக அமிலத்தில் வேகவைத்து, அதிலிருக்கும் நைட்ரஜனை அளப்பது. புரதத்தில் சராசரியாக 16 சதவீதம் நைட்ரஜன். ஆகவே, கிடைத்த நைட்ரஜனை 6.25ஆல் பெருக்கினால் புரதம் என்று வைத்துக்கொண்டார்கள். அருமையான முறை, ஆனால் வாசலில் கிடக்கும் செருப்பை எண்ணி வீட்டுக்குள் எத்தனை பேர் என்று சொல்வது போலத்தான். யூரியாவில் நைட்ரஜன் 46 சதவீதம். 6.25ஆல் பெருக்கிப் பாருங்கள். ஒரு கிலோ யூரியா காகிதத்தில் கிட்டத்தட்ட 2.9 கிலோ புரதமாகிவிடும்! மெலமின் என்ற பிளாஸ்டிக் மூலப்பொருளில் 66 சதவீதத்துக்கும் மேல். அது ஒரு கிலோ இருந்தால் 4 கிலோவுக்கும் அதிகமான புரதம், காகிதத்தில்.

இதைக் கண்டுகொண்டவர்கள் என்ன செய்தார்கள் என்பது உலகத்துக்கே தெரியும். 2008இல் சீனாவில் பாலில் தண்ணீரைக் கலந்து, சோதனையில் மாட்டாமல் இருக்க மெலமினைச் சேர்த்தார்கள். அது குழந்தைகளின் பால்மாவுக்குள் போனது. சிறுநீரகத்தில் கல் அடைத்தது. சுமார் 2,94,000 குழந்தைகள் பாதிக்கப்பட்டார்கள். 50,000க்கும் மேல் மருத்துவமனையில். 6 குழந்தைகளின் சாவு உறுதி செய்யப்பட்டது. அதற்கு முந்தைய வருடமே அமெரிக்காவில் நாய், பூனைத் தீவனத்தில் இதே மெலமின் பிடிபட்டிருந்தது. எச்சரிக்கை வந்தும் ஏன் காக்கவில்லை? வெளுத்ததெல்லாம் பால் என்று சோதனைச்சாலையே நம்பியதால். நைட்ரஜனை மட்டும் அளந்தது, அது எங்கிருந்து வந்தது என்று கேட்கவில்லை.

உடற்பயிற்சி செய்யும் இளைஞர்கள் வாங்கும் புரத மாவிலும் இந்த வித்தை உண்டு. கிளைசின், கிரியேட்டின் போன்ற நைட்ரஜன் உள்ள மலிவான பொருள்களைச் சேர்த்துப் புரத எண்ணை ஏற்றுகிறார்கள். இவை விஷம் அல்ல. முழுப் புரதத்தின் விலையை வாங்கிக்கொண்டு அதைக் கொடுக்காமல் விடுவதுதான் மோசடி. புரதம் அல்லாத நைட்ரஜனே கெட்டது என்று நான் சொல்லவில்லை. தாய்ப்பாலின் நைட்ரஜனில் ஏறக்குறைய கால் பங்கு அந்த வகைதான். பசும்பாலில் அது 5 சதவீதம் அளவில்தான். மறைக்காமல் சொல்லுங்கள் என்பதுதான் என் வழக்கு.

தலைவர் ஐயா கடிகாரத்தைப் பார்க்கிறார்கள். நைட்ரேட்டைப் பேராசிரியர்கள் விரிவாகப் பேசுவார்கள். மாட்டின் ரத்தம் சாக்லேட் நிறத்தில் இருந்தால் அது நைட்ரேட் விஷத்தின் அடையாளம், உடனே மருத்துவரைக் கூப்பிடுங்கள், குடிநீரில் நைட்ரேட் லிட்டருக்கு 50 மில்லிகிராம்தான் உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை, இந்த இரண்டோடு அதை விடுகிறேன்.

மூட்டைக்கு வருகிறேன். அமெரிக்காவில் தீவனத்தில் யூரியா சேர்த்தால், மொத்தக் கச்சாப் புரதத்தில் எவ்வளவு புரதம் அல்லாத நைட்ரஜனிலிருந்து வந்தது என்று தனியாக அச்சடிக்க வேண்டும். அந்த ஒரு வரி உலகத்தில் விற்கும் ஒவ்வொரு தீவன மூட்டையிலும், நக்குக் கட்டியிலும், புரத மாவு டப்பாவிலும் வேண்டும். யூரியா கலந்திருந்தால் கன்றுக்குட்டிக்குக் கூடாது, மொத்த உலர் தீவனத்தில் 1 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்க வேண்டும் என்பதும் பெரிய எழுத்தில் வேண்டும். பால் வாங்குகிறவர்களும் பால்மாவு செய்கிறவர்களும் மொத்த நைட்ரஜனோடு நிற்காமல் உண்மைப் புரதத்தைப் பிரித்துச் சோதிக்க வேண்டும். கேட்டு வாங்காமல் இது தானாக வராது.

இவற்றைக் கேட்கும் மனு கதவருகே மேசையில் இருக்கிறது. சங்க நிர்வாகிகள் முதலில் கையெழுத்திட ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுக்கு என் நன்றி. உங்கள் வீட்டில் காலி தீவன மூட்டை இருந்தால் புரத அட்டவணை உள்ள பக்கத்தை வெட்டி அடுத்த கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள், மனுவோடு இணைத்துக் கொடுப்போம். பெரியவரின் அந்த உறை ஏற்கெனவே அதில் இருக்கிறது. வணக்கம்.