பாசிக்குடாவில் 750 மீற்றர்

அன்புள்ள நேயர்களுக்கு வணக்கம்.

நான் மட்டக்களப்பின் கல்லடியில் பிறந்து வளர்ந்தவள். எங்கள் வீட்டிலிருந்து கிழக்கே நடந்தால் கடல், மேற்கே நடந்தால் வாவி. இரண்டுக்கும் நடுவில் முப்பத்தொன்பது வயது வரை வாழ்ந்தும் எனக்கு நீந்தத் தெரியாது. எங்கள் தெருவில் நீந்தத் தெரிந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அவர்களில் பெண் ஒருவர்கூட இல்லை. அப்படிப்பட்ட நான் சென்ற ஆனி மாதம் பாசிக்குடாக் கடலில் 750 மீற்றர் நீந்தி, 20 கிலோமீற்றர் சைக்கிள் ஓட்டி, பிறகு 5 கிலோமீற்றர் ஓடி முடித்தேன். அந்தக் கதையைச் சொல்லத்தான் இன்று அழைத்திருக்கிறார்கள்.

நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் இடையில் ஓய்வில்லாமல் அடுத்தடுத்துச் செய்வதற்கு ட்ரையத்லன் என்று பெயர். தண்ணீரில் இறங்கும்போது ஓடத் தொடங்கும் கடிகாரம் எல்லைக்கோட்டைத் தாண்டும்போதுதான் நிற்கும். சப்பாத்து மாட்டுகிற நேரமும் அதில் அடக்கம். இந்தப் பெயரோடு முதன்முதலாக நடந்த போட்டி, 1974 செப்டெம்பர் 25ஆம் திகதி அமெரிக்காவின் சான் டியாகோ நகரத்து ஓட்டக்காரர்களின் கழகம் ஒன்று நடத்தியது. ஓடி ஓடிச் சலித்தவர்கள் ஒரு மாறுதலுக்காக வைத்துக்கொண்டது. 46 பேர் கலந்துகொண்டார்கள். 2000ஆம் ஆண்டு சிட்னியில் அது ஒலிம்பிக்கிற்குள் வந்தது. அங்கே ஒன்றரைக் கிலோமீற்றர் நீச்சல், 40 கிலோமீற்றர் சைக்கிள், 10 கிலோமீற்றர் ஓட்டம். நான் செய்தது அதில் சரிபாதி. ஆனால் ட்ரையத்லன் என்றதும் பலருக்கு நினைவில் வருவது ஹவாய்த் தீவின் அயன்மேன் போட்டிதான்: 3.8 கிலோமீற்றர் நீந்தி, 180 கிலோமீற்றர் சைக்கிள் ஓட்டி, அதன் பிறகு ஒரு முழு மரதன். அதைக் கேட்ட உடனேயே 'இது நமக்கில்லை' என்று ஒதுங்கிவிடுகிறார்கள். தயவுசெய்து அந்தக் கணக்கை ஒரு பக்கம் வைத்துவிட்டு, பாதித் தூரக் கணக்கைக் கேளுங்கள்.

ஓட்டம் எனக்கு மருத்துவர் தந்தது. சீனி வருத்தத்தின் தொடக்கம் என்றார், நடக்கச் சொன்னார். வெபர் மைதானத்தில் நடை தொடங்கி, அது மெல்ல ஓட்டமானது. சைக்கிள் எங்கள் ஊர்ப் பெண்களுக்குப் புதிதல்ல; பள்ளிக்கூடத்துக்கும் ரியூசனுக்கும் அதில்தானே போய் வளர்ந்தோம். என்னிடம் இருப்பது கியர் இல்லாத லுமாலா சைக்கிள். இருக்கையை மட்டும் உயர்த்தினேன். மிதி கீழே போனபோது குதிகால் அதில் பட்டு, முழங்கால் நேராக நிற்க வேண்டும். அதுதான் சரியான உயரம். வருடக்கணக்காகத் தாழ்ந்த இருக்கையில் மிதித்து முழங்கால் வலியை வளர்த்துக்கொண்டவர்கள் நம்மிடையே நிறையப் பேர் இருக்கிறார்கள். இதை இன்றைக்கே செய்து பார்க்கலாம்.

ஆக, எஞ்சியது தண்ணீர். அதைப் பற்றித்தான் நான் அதிகம் பேச வேண்டும்.

சுனாமி வந்த 2004 டிசெம்பர் 26ஆம் திகதி எனக்கு இருபது வயது. நாவலடிப் பக்கம் இருந்த பெரியம்மாவை அன்று இழந்தோம். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் யாரும் கடலுக்குப் போகவில்லை. பிள்ளைகளையும் விடவில்லை. கரையோர ஊர்களில் ஒரு தலைமுறை முழுவதும் இப்படித்தான் வளர்ந்தது. அந்தப் பயத்தை நான் குறைத்துச் சொல்லமாட்டேன்; அது காரணத்தோடு வந்த பயம். ஆனால் பயந்து விலகி நிற்கும் நம் பிள்ளைகள்தான் சுற்றுலா போன இடத்தில், குளிக்கப் போன குளத்தில், கால் தவறிய வாய்க்காலில் மூழ்குகிறார்கள். வல்வெட்டித்துறையின் ஆழிக்குமரன் ஆனந்தன் 1971இல் பாக்கு நீரிணையைப் போகவும் வரவும் நீந்திக் கடந்ததைப் பள்ளியில் பெருமையோடு சொல்லித் தருகிறோம். அந்தப் பிள்ளைகளுக்கு மிதக்கக் கற்றுத் தருவதில்லை.

என் மகளுக்குப் பத்து வயதானபோது, நீந்தப் பழக வேண்டும் என்று கேட்டாள். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். காரணம் கேட்டால் சொல்வதற்கு என் பயத்தைத் தவிர வேறு எதுவும் இல்லை என்று அப்போது தெரிந்தது.

எனக்குப் பழக்கியவர் பாசிக்குடாவைச் சேர்ந்த ஒரு மீனவர், அறுபது தாண்டியவர். மாமா என்றுதான் கூப்பிடுவேன். முதல் நாள் கடலுக்குப் பக்கமே விடவில்லை. "வீட்டில் பெரிய பேசின் இருக்கிறதா பிள்ளை? அதில் தண்ணீர் நிரப்பி முகத்தை வைத்து மூச்சை வெளியே விடு. ஒரு கிழமை அதை மட்டும் செய்துவிட்டு வா" என்றார். குசினித் தரையில், சோறு வேகும் நேரத்தில், நீலப் பேசினுக்கு முன்னால் முழந்தாளிட்டிருந்தேன். முகம் தண்ணீரில் பட்டதும் உடம்பு தானாக மூச்சைப் பிடித்துக்கொள்ளும். புதிதாக நீந்துகிறவர்கள் களைத்துப்போவதற்கு முக்கிய காரணம் அதுதான் என்று பிறகு விளங்கியது: உள்ளே இருக்கும் காற்றை விடாமல், மேலே வந்ததும் இன்னும் இழுக்கப் பார்க்கிறோம். விட்டால்தானே இழுக்கலாம்? ஆறாம் நாள் குமிழிகள் காதோரமாக ஏறிப்போகும் சத்தத்தை முதன்முதலாகக் கேட்டேன். அதுவரை அந்தச் சத்தம் கேட்காத அளவுக்குப் பயந்திருந்தேன் போலும்.

பாசிக்குடாவை ஏன் தேர்ந்தோம் என்றால், வெளியே முருகைக்கற்பார் அலையை உடைத்துவிடுகிறது. கரையிலிருந்து நெடுந்தூரம் இடுப்பளவுத் தண்ணீரிலேயே நடக்கலாம். வாவியில் முதலை உண்டு, அங்கே பழகுவது சரியில்லை. கல்லடிக் கடலில் அலையும் இழுவையும் அதிகம். மாரியில் வாடைக்காற்றுத் தொடங்கிவிட்டால் பாசிக்குடாவிலும் இறங்கக்கூடாது. சித்திரைக்கும் புரட்டாதிக்கும் இடைப்பட்ட காலம் நல்லது, அதுவும் விடியற்காலை, அதுவும் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருக்கும்போது.

எட்டு மாதம் பழகினேன். முதலில் மல்லாந்து மிதத்தல், அதன் பின்னர்தான் கை வீச்சு. உடையைப் பற்றிப் பெண்கள் கேட்பார்கள் என்பதால் சொல்கிறேன்: உடலோடு ஒட்டிய முழுக்கைச் சட்டையும் கணுக்கால் வரையான காற்சட்டையும் போட்டுத்தான் நான் நீந்தினேன். காத்தான்குடியிலிருந்து வந்த தோழி தலையையும் மூடிய நீச்சல் உடையில் எனக்கு ஆறு நிமிடம் முன்னதாகக் கரையேறினார்.

போட்டி என்றால் பெரிய மேடை, பதாகை எதுவும் கிடையாது. காலையில் சேர்ந்து சைக்கிள் ஓடும் பதினொரு பேர், தூரத்தை நாங்களே அளந்து, இரண்டு தோணிகளைக் காவலுக்கு நிறுத்தி வைத்துக்கொண்டது. மீனவர்கள் வலைக்குக் கட்டுவதுபோல வெற்றுக் கலன்களை மிதக்கவிட்டு எல்லை குறித்தோம். கச்சான் காற்று எழும்ப முன்னர் நீச்சல் முடிய வேண்டும் என்று மாமா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அது தரையிலிருந்து வீசும் காற்று, நீந்துகிறவரை வெளிக்கடல் பக்கமாகத் தள்ளும். ஆறு மணிக்கு இறங்கினோம்.

முந்நூறு மீற்றர் அளவில் கீழே தெரிந்த மணல் மறைந்தது. தண்ணீர் கரும்பச்சையானது. நெஞ்சுக்குள் யாரோ கயிறு போட்டு இறுக்கியதுபோல இருந்தது. ஒரு கை வீச்சு, இன்னொன்று, பிறகு கை வரவில்லை. பேசினும் குமிழியும் எல்லாம் மறந்துபோயிற்று. தோணியிலிருந்து மாமாவின் குரல் மட்டும் கேட்டது: "மல்லாந்து படு பிள்ளை. வானத்தைப் பார். மூச்சை விடு." படுத்தேன். காதுக்குள் தண்ணீர் போனதும் வெளிச்சத்தங்கள் அடங்கி, என் மூச்சு மட்டும் பெரிதாகக் கேட்டது. எவ்வளவு நேரம் அப்படிக் கிடந்தேனோ தெரியாது. பிறகு கவிழ்ந்து, ஆறு வீச்சுக்கு ஒரு தடவை தலையை உயர்த்திக் கலனைப் பார்த்துப் பார்த்து நீந்தினேன்.

இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ளுங்கள்: ட்ரையத்லனில் எந்த வகை நீச்சலும் அடிக்கலாம். மல்லாந்து நீந்தலாம். மிதவையையோ நிற்கும் தோணியையோ பிடித்து இளைப்பாறலாம், அதை வைத்து முன்னேறாமல் இருந்தால் போதும். சர்வதேசப் போட்டிகளுக்கும் இதே விதிதான். இது முன்னரே தெரிந்திருந்தால் நான் இரண்டு வருடம் முந்தியே தொடங்கியிருப்பேன்.

29 நிமிடத்தில் கரையேறினேன். சைக்கிளைத் தொடுவதற்கு முன் தலைக்கவசத்தைப் போட்டுப் பட்டியைப் பூட்ட வேண்டும், அதுவும் விதி. விரல்கள் ஊறிப்போய்ப் பட்டி பூட்டவே ஒரு நிமிடம் பிடித்தது. ஈரக்காலில் ஒட்டிய மணலைத் துடைக்கப் போத்தல் தண்ணீரும் பழைய துவாயும் வைத்திருந்தேன். மணலோடு சப்பாத்துப் போட்டால் ஓட்டத்தில் கால் கொப்பளித்துவிடும். வாழைச்சேனைப் பக்கமாகப் பத்துக் கிலோமீற்றர் போய்த் திரும்பினோம். போகும்போது கச்சான் முகத்தில் அடித்தது, வரும்போது முதுகைத் தள்ளியது. வழியில் ஜீவனி என்ற உப்புச்சீனித் தூள் கரைத்த தண்ணீர் குடித்தேன். ஓடும்போது குடிக்க முயன்றால் வயிறு பிடிக்கும். சைக்கிளில் இருக்கும்போதே குடித்துவிட வேண்டும்.

இறங்கி ஓடத் தொடங்கியதும் கால்கள் என்னுடையவையாகவே இல்லை. ஒரு மணி நேரம் வட்டமாகச் சுழன்ற கால் நேராக அடியெடுத்து வைக்க மறுக்கும். முதல் கிலோமீற்றரில் எல்லோருக்கும் இப்படித்தான் இருக்கும், பிறகு விடும். அதற்காகவே கிழமைக்கு ஒருநாள் சைக்கிள் ஓடிய கையோடு பத்து நிமிடம் ஓடிப் பழகியிருந்தேன். அந்தப் பத்து நிமிடம் அன்று காப்பாற்றியது.

எல்லாம் சேர்த்து 2 மணி 14 நிமிடம். பதினொரு பேரில் ஒன்பதாவதாக வந்தேன்.

மகளும் அம்மாவும் வந்திருந்தார்கள். அம்மா கரைக்கு வரவில்லை. மணல் தொடங்கும் இடத்தில், மரநிழலில், கடலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். நான் போய்ப் பக்கத்தில் இருந்ததும் துவாயை வாங்கி என் தலையைத் துவட்டிவிட்டார். "எவ்வளவு ஆழம்?" என்று கேட்டார். கழுத்தளவுதான் என்றேன். முந்நூறாவது மீற்றரைப் பற்றிச் சொல்லவில்லை.

இப்போது ஒவ்வொரு சனிக்கிழமையும் விடியற்காலையில் மகளோடு பாசிக்குடாவுக்குப் போகிறேன். அம்மாவும் கூட வருகிறார். அதே மரத்தடியில்தான் இருக்கிறார், இன்னும் அந்த மணலைத் தாண்டவில்லை; நான் வற்புறுத்துவதும் இல்லை. போன கிழமை மகள் முதல் தடவையாக இருபத்தைந்து மீற்றர் தனியாக நீந்திக் கரையேறியபோது திரும்பிப் பார்த்தேன். அம்மா கடலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

வணக்கம்.