வரவேற்பு எத்தனை மணிக்கு முடிய வேண்டும்?

நேயர்களுக்கு வணக்கம்.

பெங்களூர்த் தமிழ் வீடுகளில் பெரும்பாலும் முதல் நாள் சாயங்காலம் ரிசப்ஷன், மறுநாள் விடியற்காலை முகூர்த்தம். பத்திரிகையில் ‘மாலை 6.30 மணி முதல்’ என்று அச்சடித்துவிடுகிறோம். எத்தனை மணி வரை என்பதைப் பற்றிப் பல வீடுகளில் பேச்சே எழுவதில்லை. இரவு 11 மணிக்கும் மேடையில் பொண்ணும் மாப்பிள்ளையும் நின்றுகொண்டிருப்பதற்கு அதுதான் காரணம். முடிகிற நேரத்தை முதலில் குறித்துக்கொண்டு, அங்கிருந்து பின்னோக்கி வாருங்கள்.

முகூர்த்தம் 6 மணியிலிருந்து 7.30க்குள் என்று வைத்துக்கொள்வோம். காசி யாத்திரை, ஊஞ்சல் எல்லாம் உள்ள வீடாக இருந்தால் பெண்ணை 3.30க்கே எழுப்பியாக வேண்டும். முந்தின இரவு தலையில் குத்திய ஊசிகளை எடுத்து, ஸ்ப்ரே அடித்த முடியைப் பிரித்து, மேக்கப்பைத் துடைக்க முக்கால் மணி நேரம். சாப்பிட அரை மணி. 9.45க்கு மேடையை விட்டு இறங்கினால் 11 மணிக்குப் படுக்கலாம், நாலரை மணி நேரத் தூக்கம் கிடைக்கும். 11 மணிக்கு இறங்கினால் மூன்றே கால் மணி நேரம்தான் கிடைக்கும். ஹோமப் புகைக்கு முன்னால் கண் சிவந்து, தலை சுற்றி உட்கார்ந்திருக்கும் பெண்ணைப் பார்த்து ‘பட்டினி போல’ என்பார்கள். பெரும்பாலும் அது தூக்கக் குறைவு.

இதில் மிகவும் நெருக்கடியான ஜோடி, ஞாயிறு சாயங்கால வரவேற்பும் திங்கள் காலை முகூர்த்தமும். விடுமுறை நாள், எல்லோரும் வருவார்கள் என்று ஆசையாகத் தேர்ந்தெடுக்கிறோம். ஆனால் ஞாயிறு ராகுகாலம் 4.30 முதல் 6 வரை. திங்கள் ராகுகாலம் காலை 7.30 முதல் 9 வரை. அதனால் சாயங்காலம் 6 மணிக்கு முன்னால் மேடையேற்ற வீட்டுப் பெரியவர்கள் சம்மதிக்க மாட்டார்கள்; மறுநாள் தாலி 7.30க்குள் ஏறியாக வேண்டும். இரண்டு பக்கமும் சுவர். இப்படிப்பட்ட நாளில் நிச்சயதார்த்தத்தையும் அதே சாயங்காலம் சேர்த்தால், அதை 3 மணிக்குத் தொடங்கி 4.30க்குள் முடிக்க வேண்டும். ‘ராகுகாலம் கழியட்டும்’ என்று 6 மணிக்குத் தள்ளினால், அது முடிந்து, புடவை மாற்றி, தலை மாற்றி வர ஏழரை, எட்டு ஆகிவிடும். அதற்குள் விருந்தாளிகள் வெறும் மேடையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

இனி மேடைக் கணக்கு. 500 பேர் வருகிறார்கள், குடும்பத்துக்குச் சராசரி 3 பேர் என்றால் சுமார் 165 முறை ஆட்கள் மேடையேறுவார்கள். ஒரு குடும்பத்துக்கு 40 விநாடி என்றால் மொத்தம் 110 நிமிடம். ஒரு நிமிடம் என்றால் 165 நிமிடம். 6.30க்கு உட்கார்ந்தால் 9.45க்குள் இரண்டுமே முடிந்துவிடும் போலத் தோன்றும். ஆனால் விருந்தாளிகள் சீராக வருவதில்லை. வேலை நாளாக இருந்தால் ஏறக்குறைய பாதிப் பேர் 8 மணிக்கும் 9 மணிக்கும் இடையில்தான் வந்து சேர்வார்கள். அந்த ஒரு மணி நேரத்தில் 80 குடும்பம். 40 விநாடி வீதம் 53 நிமிடத்தில் முடியும், வரிசையே தேங்காது. ஒரு நிமிடம் வீதம் என்றால் 80 நிமிடம் பிடிக்கும். 9 மணிக்கு 20 குடும்பம் படியில் நிற்கும். வெறும் 20 விநாடி வித்தியாசம்தான் அந்த வரிசை.

அந்த 20 விநாடி எங்கே போகிறது? பரிசுப் பையைக் கையில் கொடுத்து, அதை வாங்கி, பின்னால் வைக்கத் திரும்புவதில் கொஞ்சம். போட்டோகிராபர் எடுத்த பிறகு, ‘என் மொபைலிலும் ஒண்ணு’ என்பதில் மீதி. ஆகவே ஏறும் படியருகே நம் உறவுக்காரர் இரண்டு பேர் நிற்கட்டும். ஒருவர் பையையும் மொய்க் கவரையும் பெயர் பார்த்து அங்கேயே வாங்கிக்கொள்ளட்டும். மற்றவர் அடுத்த குடும்பத்தை மேல்படி வரை நிறுத்தி வைக்கட்டும். ஏறுவது ஒரு பக்கம், இறங்குவது மறுபக்கம், அந்தப் பக்கம் நேராகச் சாப்பாட்டுக் கூடத்துக்குப் போகிற மாதிரி இருக்க வேண்டும். சித்தப்பா, அத்தை, மாமா வீட்டுப் படங்களையெல்லாம் 6 மணிக்கே 25 நிமிடத்தில் எடுத்து முடித்துவிடுங்கள். 8.15க்கு ‘அம்மா வழி எல்லோரும் வாங்க’ என்று மைக்கில் கூப்பிட்டால் வரிசை அப்படியே நின்றுவிடும். ஞாயிற்றுக்கிழமையாக இருந்தால் இந்தப் படங்களை மதியமே எடுத்துவிடுவது உத்தமம். கேக் வெட்டுவதும் அப்படித்தான்; வேண்டுமென்றால் 7 மணிக்கு முன்னால்.

பந்திக் கணக்கு இதைவிடக் கறாரானது. இலை போட்டுச் சாப்பிட 30 நிமிடம், இலை எடுத்து, பேப்பர் சுருட்டி, மறுபடி விரிக்க 10 நிமிடம். ஒரு பந்திக்கு 40 நிமிடம். கூடத்தில் 120 பேர் உட்காரலாம் என்றால் 500 பேருக்கு ஐந்து பந்தி, மூன்று மணி இருபது நிமிடம். 7 மணிக்கு முதல் பந்தி உட்கார்ந்தால் 7.40, 8.20, 9, 9.40 என்று போய் 10.20க்குக் கடைசி இலை எடுக்கலாம். முதல் பந்தி 7.45க்கு என்றால் 11.05. கூட்டம் வரட்டும் என்று காத்திருப்பதுதான் இங்கே நடக்கிற தவறு. வெளியூரிலிருந்து வந்து மண்டபத்திலேயே தங்கியிருக்கும் சொந்தங்கள், சர்க்கரை மாத்திரை போடுகிற பெரியவர்கள், குழந்தைகள், இவர்களைச் சேர்த்தாலே முதல் பந்தி நிறைந்துவிடும். 6.50க்குப் போய் அழைக்க ஒரு ஆளை முன்பே சொல்லி வையுங்கள். சமையல் ஒப்பந்தக்காரரிடமும் ‘7 மணிக்கு இலையில் சாதம்’ என்று சொல்லுங்கள். ‘7 மணிக்கு ரெடி’ என்றால் அவருக்கு 7.30 என்று பொருள்.

பஃபே வைத்தால் நேரம் மிச்சம், தோசைக் கல்லைத் தவிர. கல்லில் ஒரு தடவைக்கு 6 தோசை, 4 நிமிடம் என்றால் மணிக்கு 90தான். 500 பேருக்கு ஒரு கல் போட்டால் அங்கேதான் சண்டை வரும். இரண்டு கல், இரண்டு மாஸ்டர் கேளுங்கள்.

ஊரின் போக்குவரத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். மல்லேஸ்வரத்திலோ அல்சூரிலோ மண்டபம். அலுவலக நண்பர்கள் ஒயிட்ஃபீல்டிலும் எலக்ட்ரானிக் சிட்டியிலும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் சில்க் போர்டு சந்திப்பைத் தாண்டி வருகிறவருக்கு ஒன்றரை மணி நேரம் பெரிதில்லை. ஆவணி முகூர்த்தம் என்றால் சாயங்கால மழையும் உண்டு. கூட்டம் அரை மணி பிந்தும். மெட்ரோ நிலையத்துக்குப் பக்கத்து மண்டபமாக இருந்தால் நிலையத்தின் பெயரைப் பத்திரிகையிலேயே போடுங்கள். ‘6.30 முதல் 9.30 வரை’ என்று முடிகிற நேரத்தையும் அச்சிடுங்கள். அதை மரியாதைக் குறைவாக நினைக்க வேண்டியதில்லை. தூரத்திலிருந்து வருகிறவர் அதைப் பார்த்துத்தான் கிளம்புகிற நேரத்தை வைப்பார்.

திறந்தவெளியில் வரவேற்பு என்றால் இரவு 10 மணிக்கு ஒலிபெருக்கியை நிறுத்தியாக வேண்டும். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் இரவு 10 முதல் காலை 6 வரை தடை விதிக்கின்றன. மூடிய மண்டபத்துக்குள் விலக்கு உண்டு. மெல்லிசைக் குழு வைக்கிறவர்கள் 9.30க்கு மங்களம் பாடச் சொல்லிவிடுவது நல்லது. அதே மேடையில்தான் காலையில் மணவறை என்றால் அலங்காரக்காரர்களுக்குக் குறைந்தது மூன்று மணி நேரம் வேண்டும். வரவேற்பு நீண்டால் அவர்கள் விடிய விடிய ஆணி அடிப்பார்கள். மேல்மாடி அறையில் படுத்திருப்பவர்கள் யாரும் தூங்க முடியாது.

முகூர்த்தம் முடிந்த அன்று சாயங்காலமே வரவேற்பு வைக்கிற வீடுகள் இரண்டரை மணி நேரத்தைத் தாண்ட வேண்டாம். பொண்ணும் மாப்பிள்ளையும் விடியற்காலை 3.30லிருந்து விழித்திருப்பவர்கள்.

எந்த நாளானாலும் கடைசிப் பந்தியில் பொண்ணும் மாப்பிள்ளையும் உட்கார வேண்டும். 9.35க்கு மேடைக்குப் போய் அவர்களை இறக்க ஒரே ஒருவர் பொறுப்பேற்கட்டும். பொண்ணு வீட்டுக்கும் மாப்பிள்ளை வீட்டுக்கும் பொதுவாக, யாரும் மறுத்துப் பேசாத ஒரு பெரியவராக இருந்தால் சௌகரியம். பெற்றோர் அந்த வேலையைச் செய்ய முடியாது, அவர்களைச் சுற்றி எப்போதும் பத்துப் பேர் இருப்பார்கள். கடைசிப் பந்தி வருவதற்குள் பொரியலும் இனிப்பும் தீர்ந்துபோவது வழக்கம். ஆறு பேருக்கான சாப்பாட்டை 8 மணிக்கே தனியாக எடுத்து மூடி வைக்கச் சமையல்கட்டில் சொல்லிவிடுங்கள். வணக்கம்.