வெசெக்ஸைக் காத்தது வாளா, கணக்கா?

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். ஒன்பதாம் நூற்றாண்டில், கடல்வழி வந்து சூறையாடிய வைக்கிங் படையிடமிருந்து தென் இங்கிலாந்தின் வெசெக்ஸ் நாட்டைக் காத்தது ஆல்ஃபிரட் மன்னரின் வாளா, அவர் போட்ட கணக்கா? நான் கணக்கு அணி.

வாள் அணி நண்பர் 878-ல் ஆல்ஃபிரட் வைக்கிங்கை வென்ற எடிங்டன் போரைச் சொல்லிக் கைதட்டல் வாங்கிக்கொண்டு போனார். பெரிய வெற்றிதான், மறுக்கவில்லை. 871-ஐ மட்டும் ஏன் விட்டுவிட்டார்? அந்த ஓராண்டில் தேம்ஸ் ஆற்றுக்குத் தெற்கே ஒன்பது பெரும்போர்கள். ஆஷ்டவுனில் வெசெக்ஸ் வென்றது. வென்றும் என்ன, ஆண்டு முடிவதற்குள் பகைவரோடு சமாதானம் பேசவேண்டி வந்தது! வைக்கிங் கப்பலிலும் குதிரையிலும் திரிகிறவன். வெசெக்ஸ்காரர்கள் ஊர் ஊராக ஆள் திரட்டி வருவதற்குள் சூறையாடிவிட்டு அடுத்த ஊர் போய்விடுவான்.

இதற்கு ஆல்ஃபிரட் கண்ட மருந்து அரண்நகரங்கள், அதாவது மதிலும் காவலரும் கொண்ட ஊர்கள். அவர் மகன் எட்வர்ட் காலத்துப் பட்டியல் ஒன்று அந்தக் கணக்கை அப்படியே சொல்கிறது. ஒரு குடும்பம் பிழைக்கும் அளவு நிலம் ஒரு 'ஹைட்'. ஹைட்டுக்கு ஓர் ஆள் காவலுக்கு. மதிலில் ஐந்தரை கெஜத்துக்கு நான்கு பேர். வின்செஸ்டர் என்ற அரண்நகருக்கு எழுதியிருப்பது 2,400 ஹைட். நான்கால் வகுங்கள், 600. ஐந்தரையால் பெருக்குங்கள், 3,300 கெஜம். மதிலை அளந்து பார்த்தால் 3,318! பதினெட்டே கெஜம் பிசகு, நடுவர் அவர்களே.

படையையும் இரண்டாகப் பிரித்தார்: பாதி களத்தில், பாதி வீட்டில், அரண்காவலர் தனி. இதில் ஓட்டையே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். 893-ல் தோர்னித் தீவில் பகைவனை வளைத்து நின்ற பாதி, தவணை முடிந்தது, கொண்டுவந்த உணவும் தீர்ந்தது என்று வீட்டுக்குக் கிளம்பிவிட்டது; மாற்றுப் பாதி வழியில்தான் வந்துகொண்டிருந்தது. அதற்கு முந்தைய ஆண்டு கென்ட்டில் ஒரு கோட்டை விழுந்தது. "பார்த்தீர்களா, கணக்கு தோற்றது" என்பார் நண்பர். ஐயா, அது பாதி கட்டிய கோட்டை, உள்ளே இருந்தது சில உழவர்கள். ஐந்தரை கெஜத்துக்கு நால்வர் அங்கே எங்கே நின்றார்கள்?

அதே 893-ல் பட்டிங்டனில் வைக்கிங்கைப் பல வாரம் முற்றுகையிட்டார்கள். பசி தாங்காமல் அவன் தன் குதிரைகளையே தின்றான். முற்றுகைக்கு ஆள் எங்கிருந்து வந்தது? பாரெட் ஆற்றுக்குக் கிழக்கே இருந்த ஒவ்வோர் அரண்நகரிலிருந்தும். அதையும் வாளின் வரவில் எழுதப் பார்க்கிறார் நண்பர். நடுவர் அனுமதிக்கக் கூடாது.