இலவச விளையாட்டும் கிழிக்கும் சீட்டும்

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம். கைப்பேசியிலும் கணினியிலும் காசு வாங்காமலே நம் கைக்கு வந்துவிடும் விளையாட்டுகள் எப்படிக் காசு பார்க்கின்றன என்பதைப் பற்றிப் பேச அழைத்திருக்கிறார்கள். இதில் எனக்குப் பல ஆண்டுகளாக ஒரே வாதம்தான்: இந்த விளையாட்டுகள் பணம் கேட்கட்டும், ஆனால் எவ்வளவு கேட்கிறோம் என்பதை மறைக்காமல் கேட்கட்டும்.

முதலில் யார் பணம் கொடுக்கிறார்கள் என்று பார்ப்போம். கேண்டி கிரஷ் விளையாட்டை நடத்தும் கிங் நிறுவனம் 2014-இல் பங்குச் சந்தைக்கு வந்தபோது தன் கணக்கை வெளியிட்டது. 2013-இன் கடைசிக் காலாண்டில் அதன் விளையாட்டுகளை மாதந்தோறும் சுமார் 30 கோடிப் பேர் ஆடினார்கள். அவர்களில் காசு செலவழித்தவர்கள் ஏறத்தாழ 1 கோடியே 20 லட்சம் பேர், அதாவது நூற்றுக்கு நான்கு பேர். மற்றத் தொண்ணூற்றாறு பேரை ஏன் சும்மா ஆடவிட வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். அவர்களில் சிலர் நாளை வாங்கக்கூடும். அதற்கும் மேலாக, துப்பாக்கிச் சண்டை போன்ற விளையாட்டுகளில் எதிரில் நிற்கவும், காசு கொடுத்தவர் தன் ஆட்டப் பாத்திரத்துக்கு வாங்கிய புதுச் சட்டையைப் பார்த்து வியக்கவும் கூட்டம் வேண்டும். அந்தக் கூட்டம் இல்லையென்றால் காசு கொடுத்தவருக்கு அங்கே ஒரு சுவையும் இராது.

இனி மறைப்புக்கு வருகிறேன். ஃப்ரீ ஃபயர் என்ற துப்பாக்கிச் சண்டை விளையாட்டை ஆடிய பிள்ளைகள் வீட்டில் இருந்தால் டைமண்ட் என்ற சொல் உங்கள் காதில் விழுந்திருக்கும். ரூபாயை டைமண்டாக மாற்றிய பிறகுதான் எதையும் வாங்க முடியும் என்பதால், பொருளின் விலை ரூபாயில் நம் கண்முன் நிற்பதில்லை. இது முதல் மறைப்பு. இரண்டாவது, விலையையே அதிர்ஷ்டத்துக்குள் ஒளித்துவைப்பது. பெட்டிக்கடையில் தொங்கும் பரிசு அட்டையை நினைத்துக்கொள்ளுங்கள்: காசைக் கொடுத்துச் சீட்டைக் கிழித்தால் பெரும்பாலும் மிட்டாயோ பலூனோதான் வரும், பெரிய பரிசு மட்டும் அட்டையின் உச்சியில் அப்படியே இருக்கும். அந்தப் பரிசுக்குரிய சீட்டு அட்டைக்குள் இருக்கிறதா என்ற சந்தேகம் கிழித்த எல்லோருக்கும் வந்திருக்கும்.

அதே சந்தேகம் தென்கொரியாவில் அரசு விசாரணையாகவே வந்தது. நெக்ஸான் நிறுவனத்தின் மேப்பிள் ஸ்டோரி, பதிவுக் கட்டணம் இல்லாமல் ஆடக்கூடிய பழைய விளையாட்டு. அதில் 2010-இல் கியூப் என்று ஒரு பொருளை விற்கத் தொடங்கினார்கள். கியூபைப் பயன்படுத்தினால் நம் ஆயுதத்தின் சிறப்புத் திறன்கள் குலுக்கல் முறையில் மாறும். நல்ல திறன் வரும்வரை வாங்கிக்கொண்டே இருக்கலாம். தொடக்கத்தில் எல்லாத் திறன்களும் ஒரே வாய்ப்போடு வந்தன. சில மாதங்களிலேயே, ஆட்டக்காரர்கள் மிகவும் விரும்பியவை மட்டும் அரிதாக வரும்படி, யாருக்கும் சொல்லாமல் மாற்றப்பட்டது. 2011-இல் சில உச்சத் திறன்கள் ஒன்றாகச் சேர்ந்து வரவே வராதபடி ஆக்கிவிட்டு, எதுவும் மாறவில்லை என்று அறிவிப்பும் கொடுத்தார்கள். கவனியுங்கள், அரிதாகக்கூட வராது; ஆனால் விற்பனை தொடர்ந்தது.

இன்னொரு கணக்கையும் சொல்லிவிடுகிறேன். பிளாக் கியூப் என்ற இன்னொரு வகை 2013-இல் வந்தபோது ஆயுதம் அடுத்த படிக்கு உயரும் வாய்ப்பு 1.8 சதவீதம்; 2016-இல் அது 1 சதவீதம். கேட்பதற்குச் சிறிய வித்தியாசம்தான். ஆனால் முன்பு சராசரியாக 56 முறை முயன்றால் கிடைத்தது பிறகு 100 முறை கேட்டது. ஒரு கியூபின் விலை ஏறாமலேயே பொருளின் விலை ஏறக்குறைய இரட்டிப்பானது. அதனால்தான் விலை அதிர்ஷ்டத்துக்குள் ஒளிந்திருக்கிறது என்கிறேன். ஆட்டக்காரர்கள் 2021-இல் திரண்டு எதிர்த்த பிறகே நிறுவனம் வாய்ப்பு விகிதங்களை வெளியிட்டது. 2024 ஜனவரியில் கொரிய நியாய வணிக ஆணையம் கொரிய நாணயத்தில் சுமார் 1160 கோடி வோன் அபராதம் விதித்தது. அந்த மார்ச் மாதம் முதல் விகிதங்களை வெளியிடுவது அங்கே சட்டக் கடமையாகிவிட்டது.

நேரம் முடிகிறது என்று சைகை காட்டுகிறார்கள். பெல்ஜியம் 2018-இல் உள்ளே என்ன வரும் என்று தெரியாமலே காசு கொடுத்து விளையாட்டுக்குள் வாங்கும் பரிசுப் பெட்டிகளைச் சூதாட்டம் என்று அறிவித்ததை விரிவாகச் சொல்ல எண்ணியிருந்தேன். அதைப் பெயரளவில் சொல்லி நகர்கிறேன். ஃபோர்ட்நைட் விளையாட்டை நடத்தும் எபிக் நிறுவனம், பொத்தான்களைக் குழப்பமாக அமைத்து ஆட்டக்காரர்களை வேண்டாததை வாங்க வைத்ததாக எழுந்த புகாரில், 24.5 கோடி டாலரைத் திருப்பித் தர 2022-இல் அமெரிக்காவில் ஒப்புக்கொண்டது. வீட்டில் பிள்ளைகள் உங்கள் கைப்பேசியை எடுத்து ஆடுவார்கள் என்றால், ஒவ்வொரு முறை வாங்கும்போதும் கடவுச்சொல் கேட்கும்படி செயலிக் கடையின் அமைப்புகளில் இன்றே மாற்றிவையுங்கள். வணக்கம்.