முட்டத்துப் பாறையும் இருபது நிமிட வெளிச்சமும்

(நாகர்கோவிலில் புகைப்பட ஆர்வலர்கள் கூடிய ஒரு மாலையில் பேசியது. திரையில் படங்களைக் காட்டியபடி பேசியதால், எழுதும்போது சில இடங்களைச் சற்று விரித்திருக்கிறேன்.)

அனைவருக்கும் வணக்கம். அந்த மின்விசிறியை ஒரு புள்ளி குறைத்தால் நல்லது, என் குறிப்புத்தாள் பறக்கிறது. சரி.

இங்கே வந்திருப்பவர்களில் முக்கால்வாசிப் பேர் கன்னியாகுமரியில் சூரியன் உதிப்பதை எடுத்திருப்பீர்கள். இடப்பக்கம் விவேகானந்தர் பாறை, வலப்பக்கம் 133 அடி வள்ளுவர், நடுவில் ஒரு ஆரஞ்சு வட்டம். இப்போது இரண்டையும் இணைத்துக் கண்ணாடிப் பாலமும் வந்துவிட்டது. என்னிடமும் அப்படி ஒரு ஹார்டு டிஸ்க் நிறைய இருக்கிறது. அதிலிருந்து ஒரு படம்கூட இன்று கொண்டுவரவில்லை. அந்தப் படங்களில் சூரியன் இருக்கிறது, வெளிச்சம் இல்லை. இன்றைக்கு நான் சொல்ல வந்தது அவ்வளவுதான். மீதி நேரமெல்லாம் அதற்கு விளக்கம்.

இந்த முதல் படம் முட்டம், நம் மாவட்டத்து மேற்குக் கரை. சினிமாக்காரர்கள் எப்போதோ கண்டுபிடித்துவிட்ட ஊர், புதிதாக அறிமுகம் வேண்டாம். கலங்கரை விளக்கத்துக்குக் கீழே பாறைகள் இறங்கிக் கடலுக்குள் போகின்றன. படத்தில் சூரியனைத் தேடாதீர்கள், அது எனக்கு வலப்பக்கம், சட்டத்துக்கு வெளியே இருக்கிறது. பாறையின் ஒரு முகம் மட்டும் சிவந்திருக்கிறது, மறுமுகம் நீலம். நடுவிலே ஓடும் அந்த விளிம்புதான் படம். கேமராவைச் சூரியனுக்கு நேராகத் திருப்பியிருந்தால் பாறை வெறும் கறுப்புக் கட்டியாகப் போயிருக்கும்.

ஆனால் இந்த வெளிச்சம் எந்த மாதமும் ஒரே இடத்திலிருந்து வராது. முட்டத்துக் கரை குளச்சலை நோக்கி வடமேற்காகப் போகிறது. மார்கழியில் சூரியன் தென்மேற்கே தள்ளி, நடுக்கடலில் போய் விழும். ஜூன் மாதம் அது வடக்கே நகர்ந்து, கிட்டத்தட்ட கரையை ஒட்டியே சாயும். இரண்டு இடத்துக்கும் நடுவில் 47 பாகை வித்தியாசம். அதனால் ஜூனில் வெளிச்சம் பாறைகளைக் குறுக்கே உரசிக்கொண்டு போகும். ஒவ்வொரு வெடிப்பும், ஒவ்வொரு சிப்பி ஒட்டிய தடமும் எழுந்து நிற்கும். என்ன, ஆனி ஆடியில் மேற்கிலிருந்து கச்சான் காற்று அடித்து, கடல் பொங்கி, வானம் மூடிக் கிடக்கும். பத்து நாள் போனால் ஒருநாள் மேகம் கிழியும். நான் அந்த ஒருநாளுக்குப் போகிறவன். வீட்டில் இதைப் பற்றி வேறு கருத்து இருக்கிறது, அது இங்கே வேண்டாம்.

அடுத்தது நேரக் கணக்கு. இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், நம்மில் பலர் ஏமாறுவது இங்கேதான். யூடியூபில் பார்த்திருப்பீர்கள்: சூரியன் மறையும் முன் பொன் வெளிச்சத்துக்குக் கோல்டன் ஹவர், மறைந்த பின் நீல வெளிச்சத்துக்குப் புளூ ஹவர். அதைச் சொல்கிறவர் ஸ்காட்லாந்திலோ நார்வேயிலோ நின்றுகொண்டு சொல்கிறார். அங்கே சூரியன் சறுக்குமரத்தில் இறங்குகிற மாதிரி சாய்ந்து சாய்ந்து போகும். நாம் இருப்பது நிலநடுக்கோட்டிலிருந்து 8 பாகை. இங்கே அது கிணற்றில் போட்ட வாளி மாதிரி நேராக இறங்கும். மணிக்குக் கிட்டத்தட்ட 15 பாகை. அடிவானத்துக்கு மேலே 6 பாகையில் நிற்கும் சூரியன் 25 நிமிடத்தில் கடலைத் தொட்டுவிடும். வட்டத்தின் கீழ்விளிம்பு தண்ணீரைத் தொட்டதிலிருந்து மேல்விளிம்பு மறைகிற வரைக்கும் இரண்டு நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல். அப்புறம் ஏறக்குறைய 22 நிமிடம் அந்தி வெளிச்சம். அத்தோடு கடை அடைத்தாயிற்று. நம்மூரில் ஹவர் எல்லாம் கிடையாது.

பழைய இலக்கணக்காரர்கள் நெய்தலுக்கு எற்பாடு என்ற பொழுதைக் கொடுத்தார்கள். எல் என்றால் சூரியன், எல் படும் நேரம். அது எந்த நேரம் என்று உரையாசிரியர்கள் பிறகு வாதாடினார்கள் என்பது தனிக்கதை. ஒரு நிலத்துக்கு ஒரு வெளிச்சம் என்று யோசித்திருக்கிறார்களே, எனக்கு அதுதான் ஆச்சரியம்.

சூரியன் மறையும் கணத்துக்கும் அந்த 22 நிமிடம் முடிவதற்கும் இடையில் வெளிச்சம் ஏறக்குறைய நூறில் ஒரு பங்காகக் குறைகிறது. இதை நடைமுறையில் பாருங்கள். சூரியன் மறையும்போது லென்ஸ் துளை எஃப்/11, ஒளியுணர்வு ஐஎஸ்ஓ 100 வைத்து 1/30 விநாடி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். தண்ணீரைப் பால்போல் ஆக்க ஆசைப்பட்டுப் வெளிச்சத்தை ஆயிரத்தில் ஒரு பங்காக்கும் கறுப்புக் கண்ணாடியை, அதாவது பத்து ஸ்டாப் என்டி ஃபில்டரை, மாட்டினால் அது 30 விநாடியைத் தாண்டும். கடைசியில் அதே ஃபில்டரை விட்டுவைத்தால் ஒரு படத்துக்கு ஒரு மணி நேரம் நிற்க வேண்டியதுதான். கழற்றிவிட்டால் 3 விநாடி போதும். அந்த நேரத்தில் இருட்டே உங்களுக்கு ஃபில்டர். நான் இப்போது அந்தக் கண்ணாடியைப் பெரும்பாலும் வீட்டிலேயே விட்டுவிட்டுப் போகிறேன். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன்: அரை நிமிடம் திறந்து வைத்து எடுத்த கடல், கடலாகவே இருப்பதில்லை. மூடுபனி மாதிரி ஏதோ ஒன்று. இது என் ருசி, சண்டைக்கு வராதீர்கள்.

எனக்குப் பிடித்தது கால் விநாடியிலிருந்து அரை விநாடி. அதுவும் அலை வரும்போது அல்ல, திரும்பிப் போகும்போது. இந்தப் படத்தைப் பாருங்கள். முட்டத்திலிருந்து மணவாளக்குறிச்சி வரைக்கும் மணலில் இல்மனைட், கார்னெட் என்ற இரண்டு கனிமங்கள் கலந்து கிடக்கின்றன. ஒன்று மை மாதிரி கறுப்பு, இன்னொன்று மாதுளை விதை நிறம். சாதாரண வெள்ளை மணலைவிட இல்மனைட் ஒன்றேமுக்கால் மடங்கு கனம். திரும்பும் அலை லேசானதை இழுத்துக்கொண்டு போய்விடும், கனமானது தங்கிவிடும். அதனால் ஒவ்வொரு அலைக்கும் மணலில் கறுப்பும் சிவப்புமாகக் கோலம் விழுகிறது. அடுத்த அலை வந்து அழித்துவிட்டு வேறு ஒன்று போடும். அரை விநாடி கொடுத்தால் வெள்ளை நுரை நூல்நூலாக இழுபடும், அடியில் இந்தக் கோலம் அசையாமல் இருக்கும்.

கேமராவுக்கு இந்த மணல் புரியாது. எதைப் பார்த்தாலும் நடுச் சாம்பலாக்க வேண்டும் என்று அது பழகியிருக்கிறது. கறுப்பு மணல் சட்டத்தை நிறைத்தால், ஐயோ இருட்டு என்று பதறி வெளிச்சத்தை ஏற்றும், நுரை வெளுத்துச் செத்துவிடும். நுரை நிறைந்தால் நேர் எதிர். நான் நுரையைப் பார்த்துத்தான் அளவு வைப்பேன். கேமரா பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ரா (RAW) கோப்பாக எடுத்தால் இருட்டுப் பகுதியை அப்புறம் தூக்கிக்கொள்ளலாம். வெளுத்துப்போன நுரையை எந்த மென்பொருளும் திருப்பித் தராது.

வானமும் கடலும் ஒரே படத்தில் அடங்காத இந்தத் தொல்லை நம் காலத்துத் தொல்லை அல்ல. 1850களில் குஸ்தாவ் லெ கிரே என்ற பிரெஞ்சுக்காரர் நார்மண்டிக் கரையிலும், தெற்கே செத் என்ற துறைமுக ஊரிலும் கடலைப் படமெடுத்தார். கொலோடியன் என்ற ரசாயனம் பூசிய அன்றைய கண்ணாடித் தகடு நீலத்துக்கு மட்டுமீறி மயங்கும். கடல் சரியாக விழுந்தால் வானம் வெறும் வெள்ளையாகிவிடும். அவர் என்ன செய்தார்? பல படங்களில் கடலுக்கு ஒரு தகடு, வானத்துக்கு ஒரு தகடு எனத் தனித்தனியாக எடுத்து, அடிவானத்தில் இரண்டையும் ஒட்டி அச்சிட்டார். பிடித்த ஒரு மேகத்தையே வெவ்வேறு கடலுக்கு மேல் வைத்திருக்கிறார். இன்று உங்கள் போன் ஹெச்டிஆர் என்ற பெயரில் தன்பாட்டுக்குச் செய்வதும் ஏறத்தாழ இந்த ஒட்டுவேலைதான். எடிட் செய்வது தப்பு என்று யாராவது மூக்கைச் சுளித்தால் லெ கிரேயைக் காட்டுங்கள்.

இப்போது ஒரு வெட்கக்கேடு. தொடங்கிய புதிதில் ஒருநாள் பாறைமேல் பையை வைத்துவிட்டு, ட்ரைபாடில் குனிந்திருந்தேன். வலை பிரித்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் அங்கிருந்தே கூப்பிட்டார். "மக்கா, அந்தப் பாற எது வர நனஞ்சி கெடக்குன்னு பாத்தியா?"

பார்த்தேன். நான் நின்ற இடத்துக்கு இரண்டடி மேலே வரைக்கும் பாறை கறுத்து மின்னிக்கொண்டிருந்தது. அதற்கு மேலேதான் காய்ந்த சாம்பல் நிறம். என் பை கறுப்பில் உட்கார்ந்திருந்தது. எடுக்கத் திரும்புவதற்குள் அலை வந்து எடுத்துக்கொண்டது. ஒரு லென்ஸ், இரண்டு பேட்டரி, மதியச் சாப்பாடு. பெரியவர் எதுவும் சொல்லவில்லை, வலையைப் பிரித்துக்கொண்டிருந்தார். பிறகு போகிறபோது மட்டும், "கடலுக்கு முதுகு காட்டாத, என்ன?" என்றார்.

அன்றிலிருந்து போனவுடன் பத்து நிமிடம் கேமராவை எடுப்பதில்லை. அலைகள் கூட்டமாக வரும். ஆறேழு சின்னது, அப்புறம் இரண்டு மூன்று பெரியது. அந்தப் பெரியது எவ்வளவு ஏறுகிறது என்று பார்க்காமல் இறங்கக் கூடாது. ஏற்ற வற்றம் நம் கரையில் பெரிதாக இல்லை, ஒரு மீட்டருக்கு உள்ளேதான். பயப்பட வேண்டியது கள்ளக்கடலுக்கு. இங்கே காற்று இருக்காது, வானம் தெளிவாக இருக்கும். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தெற்கே எங்கோ அடித்த புயல் எழுப்பிய அலை, நாட்கணக்கில் ஓடிவந்து திடீரென்று கரையேறும். ஏப்ரல், மே மாதங்களில் அதிகம். 2024 மே மாதம் கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் ஐந்து பயிற்சி மருத்துவர்களை அலை கொண்டுபோனது உங்களுக்கு நினைவிருக்கும். கடல் கொந்தளிப்பு எச்சரிக்கை அமலில் இருந்த நேரம் அது. ஹைதராபாத்தில் இருக்கும் பெருங்கடல் தகவல் மையம் இந்த எச்சரிக்கைகளை வெளியிடுகிறது. வானிலையைப் பார்ப்பதற்கு முன் அதைப் பாருங்கள். அப்படிப்பட்ட நாளில் நான் கலங்கரை விளக்கத்துக்குப் பக்கத்தில் மேட்டிலிருந்து நீளமான லென்ஸில் எடுப்பேன், கீழே இறங்க மாட்டேன். அலை பாறையில் மோதிச் சிதறுவதற்கு 1/1000 விநாடி. அது தனி அழகு, உயிரும் பத்திரம்.

உப்பைப் பற்றி ஒரு வார்த்தை. லென்ஸில் சாரல் பட்டால் உலர்ந்த துணியால் தேய்க்காதீர்கள், உப்புக்கல் கீறிவிடும். நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் ஒற்றி எடுங்கள், அப்புறம் துடையுங்கள். ட்ரைபாடை வீட்டுக்குப் போனதும் குழாயடியில் காட்டுங்கள்.

கடைசிப் படம். சூரியன் போய்ப் பதினெட்டு நிமிடம் ஆகியிருந்தது. வந்திருந்தவர்கள் கைதட்டிவிட்டு ஐஸ்கிரீம் வண்டிப் பக்கம் போய்விட்டார்கள். எனக்குக் கிழக்கே, வானத்தில் ரோஜா நிறப் பட்டை ஒன்று எழும்பி, அதற்கு அடியில் பூமியின் நிழல் சாம்பல் நீலமாக ஏறி, அதுவும் கலைந்து போயிருந்தது. பாறையில் நிழல் என்று எதுவும் இல்லை, எல்லாப் பக்கமும் ஒரே நீலம். நனைந்த முகடுகளில் மட்டும் மேற்கு வானத்தின் கடைசிச் செம்மை ஈரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதோ, வலது மூலையில் ஒரு மஞ்சள் புள்ளி தெரிகிறதா? அது தூசி இல்லை, கடலுக்குக் கிளம்பிய வள்ளத்தின் விளக்கு. மூன்று விநாடியில் ஒரு சின்னக் கோடாக இழுபட்டிருக்கிறது.

வரும் சனிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குக் கலங்கரை விளக்கத்துக்குக் கீழே இருப்பேன். வருகிறவர்கள் டார்ச்சும், வழுக்காத செருப்பும் கொண்டு வாருங்கள். ட்ரைபாட் இல்லாதவர்களுக்கு என்னிடம் இன்னொன்று இருக்கிறது. ஒரு கால் மட்டும் மணல் ஏறி இறுகிப்போய் நீளாது. பாறையில் நிற்க அது ஒருவகையில் வசதிதான்.