படுக்கையில புரண்டா ரூமே சுத்துதா? காது டாக்டரைப் பாருங்க!

காலையில முழிச்சு வலது பக்கம் புரள்றீங்க. ஃபேன், சுவர், பீரோ எல்லாம் ராட்டினம் மாதிரி சுத்துது. ஒரு நிமிஷத்துக்குள்ள நின்னுடுது. மறுபடி புரண்டா, மறுபடி சுத்துது. கொடியில துணி போட அண்ணாந்தாலும் அதே கதை. வீட்ல ஒருத்தர் பித்தம்பாங்க, இன்னொருத்தர் பிரஷர்பாங்க. இப்படித் தலை அசையும்போது மட்டும் சுத்தினா, பெரும்பாலும் காரணம் காதுக்குள்ள இடம் மாறின கல்லு! அதைச் சரிபண்றவர் இ.என்.டி. டாக்டர்.

காது, மூக்கு, தொண்டைக்கு ஏன் ஒரே டாக்டர்? மூக்குக்குப் பின்னாடியிலேர்ந்து நடுக்காதுக்கு மூணரை சென்டிமீட்டர் அளவுல ஒரு குழாய் போகுது. சளி பிடிச்சா காது அடைக்கிறது அதனாலதான். சரி, கல்லுக்கு வருவோம்.

(படம்: உள்காது)

உள்காதுல 'யூட்ரிகிள்'னு ஒரு சின்னப் பை. அதுல கண்ணுக்கே தெரியாத கால்சியம் கார்பனேட் படிகங்கள் ஒட்டியிருக்கு. முட்டை ஓடும் கிளிஞ்சலும் இதே பொருள்தான்! எது மேலே, எது கீழேன்னு உடம்பு தெரிஞ்சுக்கிறதுக்கு இந்தப் படிகங்களோட கனம் உதவுது. வயசானாலோ, தலையில அடிபட்டாலோ சிலது கழண்டு, பக்கத்துல திரவம் நிறைஞ்ச அரைவட்டக் குழாய்ல விழுந்துடும். நீங்க புரண்டு நிறுத்தின பிறகும் கல்லு உருண்டுக்கிட்டே இருக்கும். தலை இன்னும் சுத்துதுன்னு மூளை நம்பிடும்.

டாக்டர் தலையை 45 டிகிரி திருப்பி, சட்டுனு படுக்க வெச்சு, உங்க கண்ணைப் பார்ப்பார். சில நொடி கழிச்சுக் கருவிழி சுழன்று துடிச்சா, கீழே இருக்கிற காதுலதான் கல்லு. காதுல இருக்கிற கோளாறைக் கண்ணு காட்டிக் கொடுக்குது பாருங்க, எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் இது!

அடுத்து, கல்லைப் பழைய இடத்துக்கே கொண்டுபோற எப்ளி முறை. அமெரிக்காவுல போர்ட்லாண்டைச் சேர்ந்த ஜான் எப்ளிங்கிற காது டாக்டர் 1992-ல கட்டுரையா வெளியிட்டது. வலது காதுன்னா: தலையை வலப்பக்கம் 45 டிகிரி திருப்பி, கட்டில் விளிம்புக்குக் கீழே கொஞ்சம் தொங்குற மாதிரி படுக்கணும். அப்படியே தலையை இடப்பக்கம் 90 டிகிரி. பிறகு உடம்போட இடப்பக்கம் ஒருக்களிச்சு, மூக்கு தரையைப் பார்க்கிற வரைக்கும் இன்னொரு 90. கடைசியா, தாடையை நெஞ்சுப் பக்கம் தாழ்த்தி எழுந்து உட்காரணும். ஒவ்வொரு நிலையிலும் 30 நொடியிலேர்ந்து 1 நிமிஷம். கல்லு குழாயைச் சுத்தி வந்து, பழைய பையிலேயே விழுந்துடும்!

தப்பு எங்கே நடக்குது? சுத்தல் அடங்கறதுக்கு முன்னாடியே அவசரப்பட்டுத் திருப்புறது, நடுவுல தலையைத் தூக்குறது. கல்லு வந்த வழியே திரும்பிடும், இல்ல பக்கத்துக் குழாய்ல விழுந்துடும். அதனால முதல் தடவை டாக்டர் கையாலதான் செய்யணும். கழுத்துல பிரச்சினை இருந்தா முன்னாடியே சொல்லிடுங்க. தலைசுற்றல் மாத்திரை குமட்டலைக் குறைக்கும், கல்லை நகர்த்தாது. மாசக்கணக்கா அதையே விழுங்குறது எனக்குச் சரியாப் படல.

பேச்சுக் குழறுதா, முகம் கோணுதா, கை காலு வரலையா? அது பக்கவாதமா இருக்கலாம். காது டாக்டருக்குக் காத்திருக்காம உடனே எமர்ஜென்சிக்குப் போங்க. திடீர்னு ஒரு காது கேக்கலைன்னாலும் அழுக்குன்னு விட்டுடாதீங்க, அன்னிக்கே காட்டுங்க.

எந்தப் பக்கம் புரண்டா சுத்துது, எத்தனை நொடியில நிக்குதுன்னு இன்னிக்கு ராத்திரியே குறிச்சு வெச்சுக்கோங்க. டாக்டர் முதல்ல கேக்கப்போறது அதைத்தான்.