ஆப்சலீட் என்றால் கெட்டுப்போனதா?

அடுத்த கேள்வியைத் திருப்பூரில் பனியன் கம்பெனி ஸ்டோர் பார்க்கிற ஒரு தம்பி அனுப்பியிருக்கிறார். "ஏனுங்க அக்கா, எங்க ஸ்டாக் லிஸ்ட்டில், இன்னும் பிரிக்காத ஊசிப் பெட்டிக்கு எதிரே 'ஆப்சலீட்' என்று போட்டிருக்கிறார்கள். புத்தம் புது ஊசிங்க. அதை எப்படி அப்படிச் சொல்லலாம்?"

சொல்லலாம் தம்பி. அந்த ஊசி எந்த நிட்டிங் மெஷினுக்கு வாங்கியதோ, அந்த மெஷினையே கழற்றிப் போட்டிருப்பார்கள். உடைந்திருந்தால் டேமேஜ்டு, ஓடாமல் நின்றால் அவுட் ஆஃப் ஆர்டர். ஆப்சலீட் என்பது வேறு. சாமான் நன்றாகத்தான் இருக்கும், அதற்கு இருந்த வேலை போயிருக்கும்.

எங்கள் தோட்டத்துச் சாளையில் பழைய கவலைச் சால் ஒன்று கிடக்கிறது. கவலை என்றால் மாடு பூட்டிக் கிணற்றுத் தண்ணீர் இறைக்கிற முறை, சால் என்பது அதன் வாளி. இரும்புச் சால், ஓட்டை கிடையாது. தண்ணீரைக் கொட்டுகிற தோல் குழாய், அந்தத் தும்பி மட்டும் காய்ந்து விறைத்துவிட்டது. தைத்து, வடக்கயிறு கட்டி, மாடு பூட்டினால் இன்றைக்கும் தண்ணீர் இறைக்கும். யார் இறைக்கப் போகிறார்கள்? 1930-களில் பைகாரா மின்சாரம் கோயம்புத்தூர்ப் பக்கம் வந்தது. அப்புறம் ஒவ்வொரு கிணற்றுக்கும் கரண்ட் மோட்டார் வர வர, கவலை நின்றுபோனது. இதை ஆங்கிலத்தில் "எலக்ட்ரிக் பம்ப்ஸ் மேட் தி கவலை ஆப்சலீட்" என்று சொல்வோம். கவலையை முன்னால் வைத்தால் "தி கவலை பிகேம் ஆப்சலீட்". மேக், பிகம் இந்த இரண்டோடும் பழகிக்கொள்ளுங்கள், பேச்சுக்குப் போதும். 2013 ஜூலையில் நிறுத்திய தந்திக்கும் இதே வாக்கியம் பொருந்தும்.

கவலை இழுத்த காங்கயம் மாட்டை மட்டும் தயவுசெய்து ஆப்சலீட் என்று சொல்லாதீர்கள். ஒரு உயிரினம் அடியோடு அழிந்தால் அதற்கு எக்ஸ்டிங்க்ட் என்று தனிச் சொல் உண்டு. நம் மாடு அந்த நிலைக்கும் போகவில்லை, போகவும் விடக்கூடாது.

இன்னும் முழுதாகப் போகாமல், போய்க்கொண்டிருக்கிற பொருளுக்கு ஆப்சலெசன்ட் என்பார்கள். டைப்ரைட்டர் அப்படித்தான். ஆபீஸில் காணோம், ஆனால் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் பக்கம் போனால் இன்னும் சத்தம் கேட்கிறது.

எழுதும்போது நிறையப் பேர் 'அப்சல்யூட்' என்று எழுதிவிடுகிறார்கள். அதற்கு 'முழுமையான' என்று பொருள், அது ஏ-யில் தொடங்கும். நம் சொல் ஓ-வில் தொடங்கி, கம்ப்ளீட் மாதிரி இ, டி, இ என்று முடியும். பிரிட்டிஷ்காரர்கள் முதல் அசையை அழுத்துவார்கள், அமெரிக்கர்கள் கடைசி 'லீட்'டை அழுத்துவார்கள். இரண்டும் சரிதான்.

உங்கள் லிஸ்ட்டுக்கு வருவோம். 'ஆப்சலீட்' என்பதை அடிக்காதீர்கள். பக்கத்தில் 'குட் கண்டிஷன்' என்று சேர்த்து எழுதுங்கள். பழைய மெஷின் இன்னும் ஓட்டுகிறவர் யாராவது இருப்பார், அவர் வாங்கிக்கொள்வார்.